அரளியை அறிந்து வளர்ப்போம்

பிறந்த ஊரை விட்டு வடபுலத்தில் குடியேறிய நம் இல்லங்களில், வெள்ளிக்கிழமைப் பூசைக்கு மல்லிகை கிடைக்காத நாளிலும் அரளி கிடைத்துவிடும். புகைவண்டி நிலையத்துப் பூந்தோட்டம், நெடுஞ்சாலையின் நடுத்திட்டு, குடியிருப்பின் சுற்றுவேலி ஆகிய எங்கும் அதைக் காண்கிறோம். இந்தி பேசுவோர் அதனைக் கனேர் என்பர். திருமுருகாற்றுப்படையில் அதன் பெயர் கணவீரம். திருவாரூர் வட்டாரத்துத் திருக்கரவீரம் கோயிலின் தலமரமும் செவ்வரளியே. இவ்வளவு பழகிய செடியைப் பற்றி ஒன்றை மட்டும் நம் குழந்தைகளுக்குச் சொல்ல மறந்துவிடுகிறோம். வேர் முதல் விதை வரை அதன் ஒவ்வோர் உறுப்பும் நஞ்சாகும்.

அரளி என்று நாம் அழைப்பவை இரண்டு செடிகள். செவ்வரளி ஆறு முதல் பன்னிரண்டு அடி வரை வளரும். தடித்து நீண்ட இலைகள் பெரும்பாலும் கணுவுக்கு மூன்றாக அமைந்திருக்கும். பூ சிவப்பு, இளஞ்சிவப்பு, வெண்மை எனப் பல நிறத்தது. நீண்ட காய் வெடித்ததும், பட்டுப் போன்ற மயிர்க்குஞ்சமுடைய விதைகள் காற்றில் பறக்கும். மற்றொன்று, மஞ்சள் நிறத்தில் புனல்போல் பூக்கும் பொன்னரளி. அதன் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் சார்ந்த வெப்ப நாடுகள். இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அமையும். ஒடித்தால் பால் வடியும். பச்சைக் காய் முதிர்ந்து கருக்கும். உள்ளே கெட்டியான கொட்டை இருக்கும். நந்தியாவட்டையும் நித்தியகல்யாணியும் இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

செவ்வரளி, மத்தியதரைக் கடல் நாடுகள் தொடங்கித் தென்னாசியா வரை, கோடையில் வற்றிவிடும் ஆற்றுப் படுகைகளில் இயல்பாக வளர்வது. அதன் இலையின் அடிப்புறத்தில் நுண்ணிய குழிகள் உண்டு. மூச்சுத்துளைகள் அக்குழிகளுக்குள், மயிரிழைகளின் மறைவில் அமைந்துள்ளன. ஆதலால் வறண்ட காற்றிலும் இலை நீரை எளிதில் இழப்பதில்லை. கசப்பும் நஞ்சும் இருப்பதால் ஆடுமாடுகளும் பெரும்பாலும் அதைத் தீண்டுவதில்லை. நீரூற்றவும் காவல் காக்கவும் ஆளில்லாத இடங்களில் அரளியை நடுவதன் காரணம் இதுவே. செடியைக் காக்கும் அந்த நஞ்சு, மனிதர் வயிற்றில் சேர்ந்தால் வாந்தியை உண்டாக்கி, இருதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யும், உயிரையும் பறிக்கும்.

2024 மே மாதத்தில் திருவாங்கூர் தேவஸ்வம் வாரியம், நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்க முடிவு செய்தது. நம் வீட்டுப் பூசையிலும் இம்முறையைக் கைக்கொள்வது நலம். மாலையாகச் சாத்தலாம், உண்ணும் பொருளின்மேல் தூவலாகாது. பூப்பறித்த கையைக் கழுவாமல் சோறு பிசையலாகாது. கழித்த கிளைகளை எரித்தால் புகையும் தீங்கு செய்யும். உலர்ந்த தழையிலும் நஞ்சு நீங்காது. ஆகையால் கால்நடை திரியும் இடத்தில் அதைப் போடக்கூடாது. பொன்னரளிக் கொட்டையைக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாகக் கொடுப்பது கூடவே கூடாது.

குழந்தை ஒருவேளை கடித்துவிட்டால், கைவைத்தியம் செய்து காலத்தைப் போக்க வேண்டாம். பார்வைக்கு நன்றாயிருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அச்செடியின் கிளையொன்றும் உடன் இருக்கட்டும். பாட்டியும் அத்தையும் பக்கத்தில் இருந்து சொல்லித்தரும் வாய்ப்பு இங்கே பல வீடுகளில் இல்லை. ஆகவே இன்று மாலையே பிள்ளைகளை அழைத்துச் சென்று, வேலியோரத்து அரளியைக் காட்டுவோம். பார்த்து மகிழலாம், வாயில் வைக்கலாகாது என்று சொல்லிவைப்போம்.