பழைய பிரெஞ்சு சாக்சபோனை இனங்காண்பது எப்படி?

சாக்சபோன் என்னும் குழற்கருவி தமிழர் செவிக்குப் புதியதன்று. கத்ரி கோபால்நாத் அதனில் கருநாடக இசையை வாசித்துக் காட்டிய பின், நம்மவர் பலர் அதனை நாகசுரத்தின் அண்டை வீட்டுப் பிள்ளையாகவே எண்ணத் தலைப்பட்டனர். எனினும் அக்கருவி உருப்பெற்று வளர்ந்த நகரம் பாரிஸ். பெல்ஜிய நாட்டின் தினான் என்னும் ஊரில் 1814-இல் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ், 1842-இல் பாரிசுக்குக் குடிபெயர்ந்து, 1846-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமை 1866-இல் முடிந்தது. அதன் பின்னர்ப் பிற பட்டறையாரும் தடையின்றி இதனைச் செய்யலாயினர். பழங்கருவிகளை வாங்குவோர்க்கு இன்று ஏற்படும் குழப்பத்திற்கு வித்து அங்கேதான் விழுந்தது.

கல்வெட்டாய்வாளர் மெய்க்கீர்த்தியைக் கொண்டு மன்னனை அறிவர். அதுபோலவே, கருவியின் வாய்மணியில் பொறித்துள்ள எழுத்தை முதலில் படித்தல் வேண்டும். சாக்ஸ் தாமே செய்த கருவிகளில் அவர் பெயருடன் பட்டறை இருந்த சென் சோர்ச் தெருவின் 50-ஆம் எண்ணும் காணப்படும். சிலவற்றில் ‘பேரரசரின் படைமாளிகைக்குக் கருவி செய்வோர்’ என்ற பட்டமும் உண்டு. இங்குப் பேரரசர் என்றது மூன்றாம் நெப்போலியனை. அவர் ஆட்சி 1870-இல் கவிழ்ந்தது. ஆகவே அப்பட்டம் தாங்கிய கருவி அதற்கு முற்பட்டதென்று துணியலாம்.

ஆனால் போலிச் செப்பேடு உண்டல்லவா? இங்கும் பெயரை மட்டும் நம்பினால் இடர்தான். சாக்ஸ் 1894-இல் மறைந்தார். பின்னர் அவர் மகன் அதே குடும்பப் பெயரில் தொழிலை நடத்தினார். 1920-களின் இறுதியில் ஹென்றி செல்மர் நிறுவனம் அப்பட்டறையையும் பெயரையும் விலைக்கு வாங்கிற்று. ஆகவே ‘அடோல்ஃப் சாக்ஸ்’ என்ற பொறிப்பு ஒன்றை மட்டும் கண்டு, கண்டுபிடித்தவரின் கைவேலை கிடைத்ததென்று மகிழ்ந்து பெரும்பொருள் கொடுப்பவர் ஏமாறுவர். பொருட்காட்சிப் பதக்கங்களின் ஆண்டும் இத்தகையதே. 1900 என்று பொறித்திருந்தால் அக்கருவி அவ்வாண்டில் செய்யப்பட்டதென்பது பொருளன்று. அதற்கு முன் செய்யப்படவில்லை என்பதே பொருள். பல கருவிகளில் செய்தவர் பெயரே இராது. விற்ற கடைக்காரர் பெயர்தான் இருக்கும். குவெனோன், பொன்யே முதலிய பட்டறைகள் பிறர் பெயரில் ஏராளமாகச் செய்து கொடுத்தன.

எழுத்து ஐயம் தந்தால் உறுப்புகளைப் பார்க்க வேண்டும். மேல் தாயிக்கு இடக் கட்டைவிரலால் இயக்கும் விசைகள் இரண்டு தனித்தனியே இருந்தால் அது பழைய அமைப்பு. ஒன்றே இருந்து தானாக மாறிக் கொண்டால் பிற்பட்டது. செல்மர் தம் முதல் சாக்சபோனை 1922-இல் வெளியிட்டார். 1930-களின் நடுவில் வந்த ‘பேலன்ஸ்டு ஆக்‌ஷன்’ வகையில், வாய்மணியின் இடப்புறம் இருந்த கீழ்ச்சுர மூடிகள் வலப்புறம் மாற்றப்பட்டன. கைக்கு எளிமை தந்த மாற்றம் அது. 1954-இல் வந்த ‘மார்க் 6’ இருபது ஆண்டுக் காலம் செய்யப்பட்டது. வரிசை எண்ணைக் கொண்டு அதன் காலத்தை ஏறத்தாழக் கணிக்கலாம். ஐந்து இலக்க எண்ணுடையதே சிறந்தது என்ற பேச்சு சந்தையில் பரவி விலையை ஏற்றியுள்ளது. காதால் கேட்டுத் தெளியாமல் எண்ணுக்குப் பணம் கொடுப்பது அறிவுடைமையாகத் தோன்றவில்லை. பூஃபே நிறுவனத்தின் ‘சூப்பர் டைனாக்‌ஷன்’, எஸ்.எம்.எல். நிறுவனத்தின் கருவிகள் ஆகியவை தரத்தில் குறைந்தனவல்ல, புகழில்தான் குறைந்தன.

எல்லாவற்றினும் முதன்மையானது சுருதி. பிரான்சு 1859-இல் ‘அ’ சுரத்தை நொடிக்கு 435 அதிர்வு எனச் சட்டத்தால் வரையறுத்தது. இங்கிலாந்திலோ ஏறத்தாழ 452 என்னும் உயர் சுருதி வழங்கிற்று. அங்கு விற்பதற்காகப் பிரெஞ்சுப் பட்டறைகளும் அச்சுருதியில் கருவி செய்தன. இன்றைய 440-உடன் ஒப்பிட்டால் வேறுபாடு ஏறக்குறைய அரைச் சுரத்தில் பாதி. வாய்ப்பகுதியை வெளியே இழுத்து ஒரு சுரத்தைச் சரி செய்யலாம். அப்போது மற்றச் சுரங்கள் பிறழும். அத்தகைய கருவி அலமாரிக்கு அழகு செய்யும். மாணவன் குழுவில் அமர்ந்து வாசிக்க உதவாது. ஆகவே சுருதிக்கவையோ அளவுகருவியோ இன்றிக் கடைக்குச் செல்லலாகாது.

பளபளப்பு மற்றொரு பொறி. பழைய கருவியைத் தேய்த்துப் புதுப்பூச்சு இடுவோர், பொறித்த எழுத்தின் கூர்மையையும் சேர்த்துத் தேய்த்து விடுகின்றனர். எழுத்தின் விளிம்பு மழுங்கியிருந்தால் ஐயுறுக. கறுத்துப்போன மேனி குற்றமன்று. கழுத்துக் குழாய் கீழ்நோக்கி வளைந்திருத்தல், உடற்குழாய் கோணியிருத்தல், கம்பிகளில் ஆட்டம் ஆகியவையே குற்றங்கள். தோல் மெத்தைகள் காற்றை விடுகின்றனவா என அறிய, இருட்டறையில் குழாயினுள் சிறு விளக்கை இறக்கி மூடிகளை மெல்ல மூடிப் பார்க்கலாம். ஒளி கசியும் இடமெல்லாம் பழுதுபார்ப்போர்க்குக் கொடுக்கவேண்டிய கூலி. அதனைக் கழித்தே விலை பேசுதல் வேண்டும்.