பேஸ் கிட்டார் டியூனர்

பேஸ் கிட்டார் டியூனர் என்பது பேஸ் கிட்டாரின் தந்திகளைச் சுருதி சேர்க்க உதவும் மின்னணுக் கருவியாகும். இது தந்தியின் அதிர்வெண்ணை அளந்து, அதற்கு மிக நெருங்கிய சுரத்தின் பெயரையும், தந்தி அந்தச் சுரத்தைவிட எவ்வளவு கூடியோ குறைந்தோ ஒலிக்கிறது என்பதையும் காட்டுகிறது.

தாழ்ந்த ஒலியின் சிக்கல்

நான்கு தந்திகள் கொண்ட பேஸ் கிட்டாரின் தந்திகள் முறையே ஈ (41.2 ஹெர்ட்ஸ்), ஏ (55), டி (73.4), ஜி (98) ஆகும். ஐந்து தந்திக் கிட்டாரில் கூடுதலாக பி (30.9) உண்டு. சாதாரணக் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியோ 82.4 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. எனவே வாங்கும்போது 30 ஹெர்ட்ஸ் வரை அளக்கக்கூடிய டியூனரையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஈ தந்தி ஒருமுறை அதிர ஏறத்தாழ 24 மில்லி வினாடி ஆகிறது. டியூனருக்குப் பல அதிர்வுகள் தேவைப்படுவதால் காட்டும் அளவு மெதுவாகவே நிலைபெறும். 12ஆம் கட்டையின் மேல் விரலை இலேசாக வைத்து மீட்டினால் அதிர்வெண் இரட்டிப்பாகி, அளவு விரைவில் நிலைபெறும்.

வகைகள்

* மைக் டியூனர், கைபேசிச் செயலி: அமைதியான அறைக்கு ஏற்றவை. சுற்றுப்புற ஓசையையும் சேர்த்தே கேட்கும்.
* கிளிப் டியூனர்: கிட்டாரின் தலைப்பகுதியில் மாட்டப்படுவது. மரத்தின் அதிர்வை உணர்வதால் பேச்சொலி இதைப் பாதிக்காது. ஆனால், மேடையே அதிரும் அளவுக்கு டிரம் ஒலித்தால் தடுமாறும்.
* பெடல் டியூனர்: கேபிள் வழியே கிட்டாரின் மின்சமிக்ஞையை நேரடியாகப் பெறுவது.

மணலி புதுநகர், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற பகுதிகளின் திறந்தவெளி மேடைகளில் ஜெனரேட்டர், வாகனம், கூட்டம் ஆகியவற்றின் இரைச்சலுக்கு நடுவே சுருதி சேர்க்க பெடல் டியூனரே பொருத்தமானது. 2018 ஜனவரியில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் போன்ற, கானாவையும் ராக் இசையையும் இணைக்கும் குழுக்களுக்கும் இது பொருந்தும். தாளக் கருவிகளின் முழக்கத்தில் 41 ஹெர்ட்ஸ் ஒலியைக் காதால் மட்டும் சரிபார்ப்பது கடினம்.

இணைக்கும் முறை

1. ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவை முழுவதும் குறைக்கவும்.
2. கிட்டாரிலிருந்து வரும் 6.35 மி.மீ. கேபிளை டியூனரின் உள்ளீட்டில் செருகவும்.
3. டியூனரின் வெளியீட்டை மற்ற எஃபெக்ட் பெடல்களுக்கோ, ஆம்ப்ளிஃபயருக்கோ இணைக்கவும். டியூனர் முதலில் இருந்தால் மாற்றமடையாத சமிக்ஞை அதற்குக் கிடைக்கும்.
4. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் நேர்மின்சாரம் தேவை. முனைகளின் திசையைக் கருவியின் மேல் உள்ள குறியீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.
5. பெடலை மிதித்து ஒலியை நிறுத்தி, ஒவ்வொரு தந்தியாக மீட்டவும். சுருதியைச் சற்றுக் குறைத்துவிட்டு, மேல்நோக்கி முறுக்கிச் சேர்த்தால் தந்தி நழுவாது.

கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ் இரைச்சல், ஜி தந்தியின் 98 ஹெர்ட்ஸுக்கு மிக அருகில் உள்ளது. தந்தியைத் தொடாதபோதே டியூனர் ஜி சுரத்தைச் சுமார் 35 சென்ட் (100 சென்ட் ஓர் அரைச்சுரம்) கூடுதலாகக் காட்டினால், அது மின் இரைச்சலாக இருக்கலாம். அப்போது கேபிளையும் எர்த் இணைப்பையும் சரிபார்க்க வேண்டும்.

டியூனரின் அடிப்படை அளவு வழக்கமாக ஏ = 440 ஹெர்ட்ஸ். ஆர்மோனியத்தின் சுருதியை மேடையில் மாற்ற இயலாது. அது இந்த அளவிலிருந்து விலகியிருந்தால், டியூனரின் அடிப்படை அளவை ஆர்மோனியத்திற்கு ஏற்ப மாற்றிய பிறகே தந்திகளைச் சேர்க்க வேண்டும். கடற்கரை ஈரப்பதத்தில் துருப்பிடித்த தந்திகள், திறந்த நிலையில் சரியாக ஒலித்தாலும் மேல் கட்டைகளில் விலகக்கூடும். அதற்குத் தீர்வு தந்தியை மாற்றுவதே.