கல்லறைத் தோட்டத்தில் பெயரில்லாதவர்கள்

நவம்பர் 2ஆம் நாள் கல்லறை மந்திரிப்புக்குப் போகும்போது நம் கண் முதலில் நம் வீட்டாரின் கல்லறையைத்தான் தேடும். அது இயல்பு. ஓரத்தில் முள் மண்டிக் கிடக்கும் மண்மேடுகள் யாருடையவை என்று நாம் கேட்பதில்லை.

தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் ராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். மண்சுவரும் ஓலைக்கூரையுமாக இருந்த அவருடைய குடிசை எத்தனை மழையைத் தாங்கியிருக்கும்? அதன் சுவடு இன்று இல்லை. 1693 பிப்ரவரி 4இல் புனித அருளானந்தர் தலை வெட்டுண்ட ஓரியூரிலும், திருப்பயணிகள் கையில் அள்ளிக்கொண்டு போவது அங்குள்ள செம்மண்ணைத்தான்.

1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெண்ட் இயேசு சபையைக் கலைத்தார். இங்கிருந்த குருக்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். கோவாவிலிருந்து வந்த சிலரால் இத்தனை ஊர்களையும் சுற்றி வர முடியவில்லை. பிரெஞ்சு இயேசு சபையினர் 1838இல் வரும்வரை, ஏறத்தாழ 65 ஆண்டுகள், மதுரை மிஷனை யார் தாங்கினார்கள்? உபதேசியார்கள்தாம். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொன்னார்கள். சாகக்கிடந்த குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இறந்தவர்களைச் செபத்தோடு அடக்கம் செய்தார்கள். பூசையே காணாத ஊரில் விசுவாசம் அணையாமல் இருந்தது அவர்களால்.

குருக்களின் கல்லறைகளுக்குக் கல் உண்டு, பெயர் உண்டு. சருகணியில் 1973இல் இறந்த லெவே அடிகளாரின் கல்லறையில் இன்றும் மக்கள் செபிக்கிறார்கள், அது நல்லதே. உபதேசியார்களில் மிகப் பலருக்கு ஒரு செங்கல்கூட இல்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கிரானைட் பளபளப்பில் நமக்கு ஒரு மயக்கம். பழைய கோவிலை இடித்துப் புதிது கட்டுகிறோம். வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று பக்கத்து மேடுகளையும் ஜேசிபி கொண்டு சமப்படுத்திவிடுகிறோம். வழிபாட்டுக்கு இனி உதவாது, சீர்செய்யவும் முடியாது என்று ஆகிவிட்ட கோவிலைக்கூட இழிவான பயனுக்கு விடக்கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1222. அந்த மரியாதை கல்லறை மேட்டுக்கு வேண்டாமா?

மண் அள்ளுவதற்கு முன் ஊரில் மூத்த பாட்டிமாரைக் கூட்டிப்போய்க் காட்டுவோம். யார் எங்கே என்று அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதட்டும். பங்கில் பழைய மரணப் பதிவேடு இருந்தால், பங்குத்தந்தையிடம் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.