அமிலச் செறிவும் வேதிவினை வேகமும்

அமிலச் செறிவும் வேதிவினை வேகமும் என்பது, ஒரு கரைசலில் உள்ள அமிலத்தின் அளவு மாறும்போது அக்கரைசல் பங்கேற்கும் வேதிவினையின் வேகம் எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராயும் வேதி வேகவியலின் ஒரு பகுதியாகும். பொதுவாக அமிலத்தின் செறிவு கூடினால் வினையின் வேகமும் கூடும். எனினும் இது எல்லா அமிலங்களுக்கும் எல்லாச் செறிவுகளிலும் பொருந்துவதில்லை. பள்ளி ஆய்வகச் சோதனை முதல், திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளைச் சார்ந்த உருக்குத் தொழில் வரை இத்தொடர்பை அறிந்திருப்பது தேவையாகிறது.

அடிப்படை விளக்கம்

வினைபடு துகள்கள் ஒன்றோடொன்று போதிய ஆற்றலுடனும் தகுந்த திசையமைவுடனும் மோதும்போதே வேதிவினை நிகழ்கிறது. இது மோதல் கொள்கை எனப்படும். அமிலக் கரைசலில் வினையாற்றுபவை பெரும்பாலும் ஹைட்ரஜன் அயனிகளே. ஒரு லிட்டர் கரைசலில் இவற்றின் எண்ணிக்கை கூடினால், உலோகத்தின் அல்லது சுண்ணாம்புக்கல்லின் பரப்பில் ஒரு நொடியில் நிகழும் மோதல்களும் கூடும். அதனால் வினை விரைவாகிறது.

மெக்னீசியம் நாடாவைக் கொண்டு இதை எளிதில் காணலாம்.

மெக்னீசியம் + ஹைட்ரோகுளோரிக் அமிலம் → மெக்னீசியம் குளோரைடு + ஹைட்ரஜன்

ஒரே நீளமுள்ள இரு நாடாத் துண்டுகளை, செறிவு குறைந்த அமிலத்தில் ஒன்றும் செறிவு மிகுந்த அமிலத்தில் மற்றொன்றுமாக இட்டால், இரண்டாவதில் குமிழிகள் விரைந்து எழும். நாடாவும் முன்னதாகவே கரைந்துவிடும். ஆனால் இரு குழாய்களிலும் தேவைக்கு மேல் அமிலம் இருந்தால், இறுதியில் கிடைக்கும் ஹைட்ரஜனின் அளவு ஒன்றே. செறிவு இங்கு வேகத்தை மாற்றுகிறதே தவிர, விளைபொருளின் அளவை மாற்றுவதில்லை.

வினைப்படி

செறிவுக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பைப் பின்வருமாறு எழுதுவர்: வினைவேகம் என்பது, வேக மாறிலியைச் செறிவின் ஓர் அடுக்கால் பெருக்கக் கிடைப்பது. அந்த அடுக்கே வினைப்படி எனப்படும். வினைப்படி 1 எனில், செறிவை இருமடங்காக்க வேகமும் இருமடங்காகும். வினைப்படி 2 எனில் வேகம் நான்கு மடங்காகும். வினைப்படி 0 எனில் செறிவை மாற்றினாலும் வேகம் மாறாது.

சமன்பாட்டில் உள்ள எண்களைப் பார்த்து வினைப்படியை முடிவு செய்ய இயலாது. மேற்கண்ட வினையில் ஒரு மெக்னீசியம் அணுவுக்கு இரண்டு அமில மூலக்கூறுகள் தேவைப்படுகின்றன என்பதால் வினைப்படி 2 என்று கொள்வது மாணவர்கள் பலர் செய்யும் பிழை. வினைப்படியைச் சோதனையால் மட்டுமே அறிய முடியும்.

வரலாறு

1850 ஆம் ஆண்டில் செருமானிய அறிவியலாளர் வில்லெல்மி, அமிலக் கரைசலில் சர்க்கரை சிதைவுறும் வேகத்தை அளந்தார். ஒவ்வொரு கணத்திலும் வினைவேகம் எஞ்சியுள்ள சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதைக் கண்டறிந்தார். இவ்வினையில் அமிலம் செலவாவதில்லை. வினையூக்கியாக நின்று வேகத்தை மட்டும் கூட்டுகிறது. 1864 ஆம் ஆண்டில் நார்வேயைச் சேர்ந்த குல்பெர்க், வாகே ஆகிய இருவரும் பொருண்மைத் தாக்க விதியை வெளியிட்டனர். மோதல் கொள்கையை 1916 இல் டிரவுட்சும் 1918 இல் லூயிசும் தனித்தனியே உருவாக்கினர்.

செறிவும் வலிமையும்

செறிவு வேறு, அமிலத்தின் வலிமை வேறு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீரில் ஏறத்தாழ முழுமையாக அயனியாகிறது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலமோ லிட்டருக்கு 1 மோல் செறிவில், ஆயிரம் மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ 4 என்ற அளவிலேயே அயனியாகிறது. எனவே ஒரே செறிவில் இரண்டும் இருந்தாலும் மெக்னீசியத்துடன் அசிட்டிக் அமிலம் மெதுவாகவே வினைபுரியும்.

வலிமை குறைந்த அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது மற்றொரு மாற்றமும் நிகழ்கிறது. அசிட்டிக் அமிலத்தை 100 மடங்கு நீர்க்கச் செய்தால், அயனியாகும் விகிதம் கூடுவதால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு ஏறத்தாழ 10 மடங்கே குறைகிறது.

உருக்குத் தொழிலில் பயன்பாடு

கும்மிடிப்பூண்டி, சென்னைக்கு வடக்கே கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லைக்கு அருகே உள்ளது. தமிழ்நாடு அரசு 1971 இல் நிறுவிய சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டை இங்கு அமைந்துள்ளது. உருக்கு ஆலைகளும் உருட்டாலைகளும் இப்பகுதியில் மிகுதி.

சூடான நிலையில் உருட்டப்பட்ட உருக்கின் மேல் இரும்பு ஆக்சைடுகளாலான செதில் படிகிறது. கம்பி இழுப்பதற்கும் துத்தநாகப் பூச்சு இடுவதற்கும் முன் அச்செதிலை நீக்க வேண்டும். இதற்காக உருக்கை அமிலத் தொட்டியில் மூழ்கவைப்பர். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பெரும்பாலும் சாதாரண வெப்பநிலையிலும், கந்தக அமிலம் 60 முதல் 80 பாகை செல்சியசு வரை சூடாக்கியும் பயன்படுத்தப்படுகின்றன.

தொட்டியில் அமிலச் செறிவு மிகக் குறைந்தால் செதில் கரைய நீண்ட நேரமாகும். மிகக் கூடினாலோ வேறு தீமைகள் நேரும்:

- செதில் நீங்கிய இடத்தில் அமிலம் உருக்கையே அரிக்கும். அப்போது உண்டாகும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி உருக்கினுள் புகுந்து, வலிமை மிக்க உருக்கு வகைகளை நொறுங்கும் தன்மை உடையனவாக்கும்.
- ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் செறிவு உயர உயர, குறிப்பாக 20 விழுக்காட்டைத் தாண்டும்போது, அமில ஆவி மிகுதியாக வெளியேறும். இது தொழிலாளரின் கண்களையும் மூச்சுக்குழாயையும் பற்களையும் தாக்கும்.

தொட்டியில் அமிலம் செலவாக, இரும்பு உப்பு சேர்ந்துகொண்டே போகும், வினைவேகமும் குறையும். ஆகவே அமில அளவையும் இரும்பின் அளவையும் அவ்வப்போது சோதித்து, புது அமிலம் சேர்ப்பர் அல்லது கரைசலை மாற்றுவர். பயன்படுத்தி முடித்த அமிலம் இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு தீங்கு பயக்கும் கழிவு விதிகளில் அடங்கும். அதைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கினாலும் இரும்பு கலந்த கசடு எஞ்சும். அதையும் முறைப்படி அகற்ற வேண்டும்.

விதிவிலக்குகள்

செறிவு கூடினால் வேகம் கூடும் என்ற பொதுவிதிக்கு இரு முக்கிய விலக்குகள் உள்ளன.

- செறிந்த நைட்ரிக் அமிலத்தில் இரும்பு கரைவதில்லை. அதன் பரப்பில் மெல்லிய காப்புப் படலம் தோன்றி வினையைத் தடுக்கிறது. நீர்த்த நைட்ரிக் அமிலத்திலோ இரும்பு விரைந்து கரைகிறது.
- 98 விழுக்காடு கந்தக அமிலத்தில் நீர் மிகக் குறைவு. ஆகவே ஹைட்ரஜன் அயனிகளும் குறைவு. உருக்கின் மேல் இரும்பு சல்பேட்டுப் படலமும் படிகிறது. எனவே இதனைச் சாதாரண உருக்குத் தொட்டியில் சேமிக்க இயலும்.

இரண்டாவது விலக்கு ஆபத்தும் உடையது. காலியான தொட்டியில் எஞ்சிய அமிலத்துடன் நீரோ ஈரக்காற்றோ சேர்ந்தால் அமிலம் நீர்த்து, உருக்கை அரித்து ஹைட்ரஜனை வெளியிடும். அத்தொட்டியின் மேல் பற்றவைப்பு வேலை செய்தால் வெடிப்பு நேரலாம். அமிலம் நீர்த்துவிட்டதால் அபாயம் குறைந்துவிட்டது என்று எண்ணுவது இங்கு உயிரிழப்புக்குக் காரணமாகலாம். தொட்டியை நன்கு கழுவி, காற்றோட்டம் தந்து, உள்ளே எரிவளி இல்லை எனக் கருவியால் உறுதி செய்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

நீர்க்கச் செய்யும் முறை

33 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து 10 விழுக்காடு கரைசல் பெற, எடையளவில் 1 பங்கு அமிலத்துக்கு 2.3 பங்கு நீர் தேவை. இக்கரைசலின் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 2.9 மோல் ஆகும். எப்போதும் நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்க வேண்டும்; அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. குறிப்பாகக் கந்தக அமிலத்தில் நீரை ஊற்றினால், வெளிப்படும் வெப்பத்தால் நீர் கொதித்து அமிலம் தெறிக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

- வேதி வேகவியல்
- மோதல் கொள்கை
- வினையூக்கி
- துத்தநாகப் பூச்சு
- கும்மிடிப்பூண்டி