வேலை தேட எத்தனை நாள் சம்பளம்? திம்புள்ளையிலிருந்து ஒரு கணக்கு

இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் வெளியான சம்பள நிர்ணய வர்த்தமானியின்படி 1,350 ரூபாயானது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், அதாவது 108 ரூபாய் கழிந்தபின் கைக்கு வந்தது 1,242 ரூபாய். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வரவுப் பதிவேட்டில், ஒரு நாள் வேலை ‘ஒரு பேர்’. நிர்ணயித்த கிலோ நிறையாவிட்டால் ‘அரைப் பேர்’. தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, கொட்டகலை, பத்தனை ஆகியவை அடங்கிய திம்புள்ளைப் பகுதியில் ஓர் இளைஞரோ யுவதியோ தோட்டத்துக்கு வெளியே வேலை தேட என்ன செலவாகும் என்பதைக் கீழே இந்த அலகிலேயே கணக்கிடுகிறேன்.

முதலில் அந்த அலகின் வரலாறு. 2013 கூட்டுச் சம்பள உடன்படிக்கையில் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து நாளுக்கு 620 ரூபாய். 2016 ஒக்டோபரில் 730. 2019 ஜனவரியில் 750. அப்போது அடிப்படைச் சம்பளம் 500-இலிருந்து 700 ஆக, 40 சதவீதம் உயர்ந்தது. ஆனால் வரவுக் கொடுப்பனவும் உற்பத்தி ஊக்கத்தொகையும் நீங்கியதால் மொத்தம் உயர்ந்தது 2.7 சதவீதம் மட்டுமே. 2021 மார்ச்சில் 1,000 ஆனது. அதற்கடுத்த உயர்வுக்கு மூன்றரை ஆண்டு பிடித்தது. அந்த இடைவெளியில், 2022 செப்டெம்பரில் முடிந்த ஓராண்டில் மட்டும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 69.8 சதவீதம் ஏறியது. அன்றைய 1,000 ரூபாய், ஓராண்டுக்கு முன் 589 ரூபாய்க்கு வாங்கிய பொருளைத்தான் வாங்கியது.

சம்பளம் மெதுவாக ஏற, குடும்ப வருமானம் வேறு வேகத்தில் ஏறியது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி தோட்டத் துறைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 2016-இல் 34,804 ரூபாய். 2019-இல் 46,865 ரூபாய். உயர்வு 34.7 சதவீதம். 2016-இன் பெரும்பகுதியில் நடைமுறையிலிருந்த 620 ரூபாயை 2019-இன் 750 ரூபாயுடன் ஒப்பிட்டால் நாட்சம்பளத்தின் உயர்வு 21 சதவீதமே. 2019-இல் ஒரு குடும்பத்தில் இருவர் தலா 25 பேர் போட்டிருந்தாலும் மாதம் 37,500 ரூபாய்தான். சராசரியை எட்ட இன்னும் 9,365 ரூபாய், அதாவது 20 சதவீதம், வேறிடத்திலிருந்து வரவேண்டும். தோட்ட உத்தியோகத்தர் குடும்பங்களும் இச்சராசரியில் அடங்குவதால் இதை அப்படியே கொழுந்து பறிப்பவர் வீட்டுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் மலைக்கு வெளியே ஈட்டும் வருமானம் ஏற்கெனவே குடும்பக் கணக்கில் ஒரு வரியாகிவிட்டது என்று கொள்ள இடமுண்டு.

அதே 2019-இல் நகர்ப்புறக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 116,670 ரூபாய். தோட்டக் குடும்பத்தினது அதில் 40.2 சதவீதம். வறுமைக் கோட்டுக்குக் கீழிருந்தோர் நாடு முழுவதும் 14.3 சதவீதம், நகரத்தில் 6 சதவீதம், தோட்டத் துறையில் 51.3 சதவீதம். தேசிய அளவின் 3.6 மடங்கு இது. வேலை தேடலில் பிடிக்கும் ஒவ்வொரு நாளும் எந்த வீட்டுப் பணத்திலிருந்து கழிகிறது என்பதை இந்த ஒற்றை எண் சொல்கிறது.

வெளியே போனால் எவ்வளவு கிடைக்கும்? தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2016-இல் 10,000 ரூபாய், 2021-இல் 12,500, 2024-இல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000. கடைசித் தொகையை 1,350 ஆல் வகுத்தால் சரியாக 20 பேர். மாதம் 20 நாளுக்கு மேல் தோட்டத்தில் வேலை கிடைப்பவருக்கு, நகரத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தில் இலாபமில்லை. கொழும்பில் தங்குமிடத்துக்கு மாதம் 6,750 ரூபாய் என்று வைத்தால் சமநிலை 15 பேருக்கு இறங்கும். அப்போது தோட்டத்தில் 16 நாள் வேலை கிடைப்பவர்கூட நகரத்தில் நட்டப்படுவார். திறன் எதுவும் சேர்க்காமல் ஊரை மட்டும் மாற்றினால் கணக்கு பெரும்பாலும் பூச்சியத்தைச் சுற்றியே நிற்கும்.

அரச வேலையின் கணக்கு வேறு. 2025 வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாகக் கட்டங்கட்டமாக உயர்த்தியது. 40,000 ரூபாய், 1,350 ரூபாய்க் கணக்கில் 29.6 பேர். ஞாயிறு ஓய்வு போக ஒரு மாதத்தில் அதிகபட்சம் 27 வேலைநாள்தான் உண்டு. ஆகவே எத்தனை நாள் மலைக்குப் போனாலும் அடிப்படைச் சம்பளத்தால் அந்தத் தொகையை எட்ட முடியாது. க.பொ.த. உயர்தரம் முடித்தவர்கள் வெள்ளிக்கிழமை வர்த்தமானிக்குக் காத்திருப்பதற்கு இந்த 29.6 ஒரு நியாயமான காரணம்.

காத்திருப்புக்கும் விலையுண்டு. 2019 தொழிற்படை ஆய்வில் நாட்டின் வேலையின்மை 4.8 சதவீதம். உயர்தரமும் அதற்கு மேலும் படித்தோரிடையே 8.5 சதவீதம். 15 முதல் 24 வயதினரிடையே 21.5 சதவீதம். படிப்பு ஏறினால் வேலையின்மை குறையும் என்ற எதிர்பார்ப்பை இந்த மூன்று எண்களும் ஆதரிக்கவில்லை. படித்தவர் தகுந்த வேலைக்காகக் காத்திருப்பதும் இதில் அடங்கும். ஆனால் மாதம் 25 பேர் வீதம், வீட்டில் காத்திருக்கும் ஒரு மாதத்தின் விலை 31,050 ரூபாய்.

கிடைத்த வேலையும் உடனே கணக்கை நேராக்குவதில்லை. 2015 அளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். அன்றைய 620 ரூபாய்க் கணக்கில் அது 9.7 பேர். பின்னர் 10,000 ஆனது. 730 ரூபாய்க் கணக்கில் 13.7 பேர். உயர்தரம் சித்தியடைந்து வகுப்பறைக்குப் போனவர், மாதம் 14 நாள் கொழுந்து பறித்தவரைவிடக் குறைவாகப் பெற்றார். பயிற்சி முடித்து ஆசிரியர் சேவைக்குள் சேர்ந்த பிறகே நிலை மாறியது. அந்த இடைவெளியைத் தாங்க முடிந்த வீடுகளுக்கே அவ்வேலை கைகூடியது என்று ஊகிக்கலாம்.

இனிச் செலவுப் பட்டியல். முதல் வரி, ஆவணங்கள்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தர் சான்று. 2012 தொகைமதிப்பில் நுவரெலியா மாவட்ட மக்கள்தொகை 711,644. அன்று இருந்த பிரதேச செயலகப் பிரிவுகள் 5. ஒரு பிரிவுக்குச் சராசரி 142,329 மக்கள். நாடு முழுவதும் 20,359,439 மக்களுக்கு 331 பிரிவுகள்; சராசரி 61,509. ஒரு நுவரெலியாச் செயலகம் தேசியச் சராசரியின் 2.3 மடங்கு மக்களைச் சுமந்தது. பிரிவுகளின் எண்ணிக்கையை 10 ஆக்கும் அறிவிப்பு 2019-இல்தான் வந்தது. ஆவணங்களுக்கு 3 நாள் என்று மிதமாகவே வைக்கிறேன்: 3,726 ரூபாய்.

இரண்டாவது வரி, பயிற்சி. இலங்கையின் தேசிய தொழிற்தகைமைக் கட்டமைப்பில் 7 மட்டங்கள்: 1 முதல் 4 வரை சான்றிதழ், 5-உம் 6-உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்கு இணை. மேற்பார்வையின்றித் தனியே வேலை செய்யக்கூடிய கைவினைஞருக்குரியது 4-ஆம் மட்டம். ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் பாடநெறிகளும் உண்டு. பாடநெறிக் கட்டணம் பூச்சியம் என்றே கொள்வோம். அப்போதும் 6 மாதப் பயிற்சி, மாதம் 25 நாள் வீதம், 150 பேர், 186,300 ரூபாய். 2019 விலையில் இதே 150 நாள், கழிவுக்கு முன் 112,500 ரூபாய். அன்றைய தோட்டக் குடும்பத்துக்கு அது 2.4 மாத வருமானம். நகர்ப்புறக் குடும்பத்துக்கு 0.96 மாதம். ‘இலவசப் பயிற்சி’ என்று அழைக்கும் ஒன்றின் சுமை தோட்டத்தில் இரண்டரை மடங்கு.

இந்த 186,300 ரூபாய் எப்போது திரும்பும்? பயிற்சிக்குப் பிந்திய வேலை, செலவு போக, தோட்ட வருமானத்தைவிட மாதம் 10,000 ரூபாய் கூடுதலாகத் தந்தால் 18.6 மாதத்தில். 5,000 ரூபாய் தந்தால் 37.3 மாதத்தில். குறைந்தபட்சச் சம்பளத்திலேயே வேலை அமைந்தால் திரும்பவே திரும்பாது. எந்தப் பாடநெறி என்ற தெரிவுதான் இங்கே மிகப் பெரிய தொகையைத் தீர்மானிக்கிறது.

பேர் இழக்காத வழியொன்றும் உண்டு. 2017-இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம், சாதாரண தரத்தில் தவறியவரும் பாடசாலையிலேயே தங்கித் தொழில்சார் பாடங்களைப் பயில இடமளித்தது. அந்த வயதில் மாணவர் எப்படியும் வகுப்பறையில் இருப்பதால் இழப்பு 150 பேரிலிருந்து பூச்சியத்தை நெருங்கும். பாடசாலைக்குள் கற்கும் திறனும் 20 வயதில் வெளியே கற்கும் திறனும் சான்றிதழில் ஒன்றாக இருக்கலாம். குடும்பக் கணக்கில் ஒன்றல்ல.

மூன்றாவது வரி, நேர்முகப் பரீட்சை. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு மலைப்பாதையில் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். தோட்டத்திலிருந்து இறங்கி, காலை 9 மணிக்கு அங்கே நிற்க முதல்நாளே புறப்பட வேண்டும். ஒரு நேர்முகத்துக்கு 2 பேர்: பயணச்செலவு நீங்கலாக 2,484 ரூபாய். எட்டு நேர்முகத்தில் ஒரு வேலை அமைகிறது என்று கணக்குக்காக வைத்தால் 16 பேர், 19,872 ரூபாய். முன்கூட்டிப் பழகியதால் நாலாவதிலேயே அமைந்தால் மிச்சம் 9,936 ரூபாய்.

நாலாவது வரி, பழகுதல். சுயவிபரக்கோவை எழுதுவது, இணையப் படிவம் நிரப்புவது, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தன்னைப் பற்றி மூன்று நிமிடம் பேசுவது எல்லாம் இதில் அடங்கும். ஞாயிறுதோறும் 2 மணிநேரம் வீதம் ஓராண்டில் 104 மணிநேரம். ஞாயிறு பொதுவாகப் பேர் போடும் நாள் அல்ல. ஆகவே இழப்பு 0. நேர்முகத்துக்கு அப்பாலும் இதற்குப் பயனுண்டு: 2007 ஜூலை 1-இலிருந்து அரச சேவையில் சேர்வோர் குறித்த காலத்துக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும். மலையகத் தமிழருக்கு அது சிங்களம்.

தொகுத்தால்:

ஆவணங்கள்: 3 பேர், 3,726 ரூபாய்
பயிற்சி: 150 பேர், 186,300 ரூபாய்
நேர்முகங்கள் எட்டு: 16 பேர், 19,872 ரூபாய்
ஞாயிறு பழகுதல்: 0 பேர், 0 ரூபாய்
மொத்தம்: 169 பேர், 209,898 ரூபாய்

மொத்தத்தில் பயிற்சிக் காலம் 88.8 சதவீதம். தன்னம்பிக்கை வளர்ந்து நேர்முகங்கள் பாதியானாலும் மிச்சமாவது 8 பேர், 4.7 சதவீதம்தான். ‘இளைஞருக்குத் தன்னம்பிக்கை போதாது’ என்ற வழமையான விளக்கத்துக்கு இந்தக் கணக்கில் கிடைக்கும் இடம் அவ்வளவே. ஆனால் அதே தன்னம்பிக்கை வேலை கிடைப்பதை ஒரு மாதம் முன்தள்ளினால் காப்பாற்றுவது 25 பேர். எட்டு நேர்முகத்தின் மொத்தச் செலவைவிட அதிகம். விலையில்லாத வரி என்பதால் அதை முதலில் செய்யலாம். அதைச் செய்துவிட்டால் 150 பேர் தானே அடைபடும் என்று எண்ண முடியாது.

சம்பளம் கூடும்போது அந்த 150-இன் விலையும் கூடும். 2026 வரவு செலவுத் திட்டம் அடிப்படைச் சம்பளத்தை 1,550 ரூபாயாக்கி, அரசின் வரவு ஊக்கத்தொகையாக 200 ரூபாயைச் சேர்த்து நாளுக்கு 1,750 ரூபாயை முன்வைத்தது. ஊக்கத்தொகையில் சேமலாப நிதிக் கழிவு இல்லை என்று கொண்டால் கைக்கு 1,626 ரூபாய். 150 பேர் 243,900 ரூபாய் ஆகும், முந்தியதைவிட 30.9 சதவீதம் கூடுதல். 2026 ஜனவரியின் தேசிய குறைந்தபட்சச் சம்பளமான 30,000 ரூபாயை 1,750 ஆல் வகுத்தால் 17.1 பேர். வெளியே போவதற்கான ஊக்கம் குறைகிறது, திறன் பெறுவதற்கான இழப்பு கூடுகிறது. தொழிலாளிக்கு இது வரவேற்கத்தக்க உயர்வு. பயிற்சி நிலையத்தின் வாசலில் நிற்பவருக்கு அதே உயர்வு ஒரு தடையும் ஆகலாம்.

அந்த ஊக்கத்தொகைக்கு அத்திட்டம் ஒதுக்கியது 500 கோடி ரூபாய். அதன் ஒரு சதவீதம் 5 கோடி. பயிற்சி பெறுபவர் இழக்கும் வருமானத்தில் பாதியை, அதாவது 6 மாதத்துக்கு 121,950 ரூபாயை, உதவித்தொகையாக வழங்கினால் அந்த 5 கோடி ரூபாய் 410 பயிலுநருக்குப் போதும். மீதிப் பாதி குடும்பத்தின் பங்கு: 75 பேர்.