மார்கழிப் பனிக்கு விண்டர் டயரா? தெரியுமா சேதி?

மார்கழி மாதம், விடிகாலை. நெய்வேலி ஆர்ச் கேட் பக்கம் கார் எடுக்கிறீர்கள். கண்ணாடி முழுக்கப் பனி! வைப்பரைப் போட்டுத் துடைத்துக்கொண்டே "என்னா பனி, என்னா குளிரு!" என்கிறீர்கள். கனடாவில் இருக்கும் உங்கள் அக்கா மகனும் அதே நேரத்தில் போனில் "இங்க பனி கொட்டுது மாமா" என்கிறான். சொல் ஒன்றுதான். ஆனால் அவன் கார் அந்தப் பனிக்காக நாலு டயரையும் கழற்றிப்போட்டு வேற டயர் மாட்டியிருக்கிறது! அந்த டயரை நம்ம ஊரில் மாட்டினால் என்ன ஆகும் தெரியுமா?

7 தான் எல்லைக்கோடு!

விண்டர் டயருக்கு வேலை வருவது எப்போது? ரோட்டில் பனிக்கட்டி விழுந்தால்தான் என்று நினைக்கிறீர்களா? இல்லை! காற்றின் வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே போதும் என்பது டயர்க்காரர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. நாம் மப்ளர் கட்டிக்கொண்டு நடுங்குகிற மார்கழிக் காலையில் நெய்வேலியில் எவ்வளவு இருக்கும்? 20 டிகிரியை ஒட்டி! எல்லைக்கோட்டுக்கு இன்னும் 13 டிகிரி பாக்கி! தமிழ்நாட்டில் 7-க்குக் கீழே போகிற ஊர் வேண்டுமென்றால் உதகை, கொடைக்கானல் என்று மலை ஏற வேண்டியதுதான்.

ஒரு டன் கார், ஒரு தாள் இடம்!

கார் ரோட்டைத் தொடுகிற இடம் எவ்வளவு தெரியுமா? ஒரு டயருக்கு ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு! நாலையும் சேர்த்தால் ஒரு ஏ4 தாள்! ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள கார் திரும்புவது, நிற்பது, வளைவில் தாக்குப்பிடிப்பது எல்லாமே அந்த ஒரு தாள் இடத்தை நம்பித்தான்! அங்கே இருக்கும் ரப்பர் கொஞ்சம் மாறினாலும் காரின் குணமே மாறிவிடும்.

கத்தி போட்ட ரப்பர்!

விண்டர் டயரைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? ரோட்டைத் தொடும் ரப்பர் பட்டன்களின் மேல் மெல்லிய பிளேடால் கீறியதுபோல் வளைந்து வளைந்து ஓடும் வெட்டுகள். பேர் சைப். விரித்துப் பார்த்தால்தான் உள்ளே ஆழம் தெரியும். ஒரு டயரில் எத்தனை தெரியுமா? நூற்றுக்கணக்கில்! பனியில் கார் உருளும்போது ஒவ்வொரு வெட்டும் வாய் திறந்து பனியைக் கவ்வும். அதோடு ரப்பரும் மெத்து. கடுங்குளிரிலும் இறுகாதபடி செய்த கலவை அது!

துடைப்பத்தின் மேல் கார் ஓட்டுவீர்களா?

அதே டயரை வெதுவெதுப்பான ஊரில் ஓட்டுங்கள். கவ்வுவதற்குப் பனி எங்கே? ரப்பர் இன்னும் இளகுகிறது. வெட்டுப்பட்ட பட்டன்கள் துடைப்பக்குச்சி போல அப்படியும் இப்படியும் சாய்கின்றன! ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் ரப்பர் வளைகிறது, அப்புறம்தான் கார் வளைகிறது! ரவுண்டானாவில் சட்டென்று திரும்பினால், சேற்றில் ரப்பர் செருப்போடு நடப்பதுபோல் ஒரு தள்ளாட்டம். மெதுவாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. அவசரத்துக்கு ஒடிக்கும்போதுதான் தெரியும்!

பத்தே மீட்டர்தானே என்கிறீர்களா?

100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் எவ்வளவு தூரம் போகும்? 28 மீட்டர்! காய்ந்த, சூடான ரோட்டில் விண்டர் டயர் நிற்பதற்குக் கூடுதல் தூரம் கேட்கும். ஒரு கணக்குப் போடுவோம். 100-ல் வந்த ஒரு கார் 40 மீட்டரில் நிற்கிறது. அதே வேகத்தில் பக்கத்தில் வந்த விண்டர் டயர் காருக்கு 50 மீட்டர் தேவைப்படுகிறது. முதல் கார் நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் எந்த வேகத்தில் தாண்டும்? 5? 10? இல்லை சார், 45 கிலோமீட்டர் வேகத்தில்! அந்தப் பத்து மீட்டருக்குள் ஒரு மாடு நின்றால்? நினைக்கவே குலை நடுங்குகிறதா?

அக்னி நட்சத்திரத்தில் அழிரப்பர்!

வெளியே 40 டிகிரி அடிக்கும்போது தார் ரோட்டின் மேல் என்ன சூடு தெரியுமா? 60-ஐத் தாண்டும்! மே மாத மதியத்தில் வெறுங்காலோடு ரோட்டைக் கடந்தவரைக் கேளுங்கள், சொல்வார். அந்த ரோட்டில் மெத்து ரப்பர் பள்ளிக்கூடத்து அழிரப்பர் மாதிரி தேயும்! சத்தமும் கூடும், பெட்ரோலும் கூடக் குடிக்கும்!

ரெண்டு இது, ரெண்டு அது... வேண்டவே வேண்டாம்!

செலவை மிச்சம் பிடிக்க முன்னால் மட்டும் விண்டர் டயர், பின்னால் சாதா டயர் மாட்டினால்? பனி ரோட்டில் முன்சக்கரம் பிடிக்கும், பின்சக்கரம் வழுக்கும். கார் பம்பரமாகச் சுற்றிவிடும்! மாட்டினால் நாலும் ஒரே ஜாதி என்பதுதான் விதி.

உருகிய ரப்பர்!

ரப்பருக்கும் வெயில்-குளிருக்கும் உள்ள பகை எத்தனை பழசு தெரியுமா? 1830களில் அமெரிக்காவில் விற்ற ரப்பர் சாமான்கள் கோடையில் பிசின்போல ஒட்டும், குளிரில் கட்டைபோல விறைக்கும்! 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்தார். இன்னொரு வேடிக்கை! அவர் பெயர் தாங்கிய டயர் கம்பெனி பிறந்தது 1898-ல். அவர் இறந்ததோ 1860-ல்!

டயர் வெள்ளையா இருந்ததா?

ஆமாம்! அந்தக் காலத்து டயர்கள் வெளிர் நிறம். மிச்சலின் பொம்மை வெள்ளையாக இருப்பதன் ரகசியமும் அதுதான்! பிறகு உறுதிக்காகக் கரித்தூள் கலந்தார்கள், டயர் கறுத்தது. உடனே நெய்வேலிக் கரியா என்று கேட்காதீர்கள். இது எண்ணெயை அரைகுறையாக எரித்து எடுக்கும் கார்பன் பிளாக். நம்ம பழுப்பு நிலக்கரி வேற, அது வேற!

90 வயது தாண்டிய விண்டர் டயர்!

உலகின் முதல் விண்டர் டயர் எங்கே பிறந்தது? பின்லாந்தில்! ஆண்டு 1934. அதுவும் காருக்கு அல்ல, லாரிக்கு! இன்றைய நோக்கியன் டயர்ஸின் முன்னோடிக் கம்பெனி செய்தது. இரண்டே ஆண்டில், 1936-ல், கார்களுக்கும் வந்துவிட்டது.

டயருக்கும் சட்டம்!

மான்ட்ரியல் தமிழர்கள் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் இல்லாமல் கார் எடுக்கவே கூடாது, தெரியுமா? கியூபெக் மாகாணச் சட்டம் அது! டொரான்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் மாட்டினால் கார் இன்ஷூரன்ஸில் தள்ளுபடி! வசந்தம் வந்ததும் கழற்றிவிட்டு சாதா டயர். நாம் தீபாவளிக்குத் துணி எடுப்பதுபோல் அவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை டயர்க்கடை வாசலில் வரிசை!

ஆணி குத்திய டயரும் புழுதியும்!

சில டயர்களில் பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்க உலோக ஆணியே இருக்கும்! ஜப்பானில் அவை பனியில்லாத தார் ரோட்டைச் சுரண்டிச் சுரண்டிப் புழுதி கிளப்பின. ஊரே இருமியது! 1990-ல் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். மந்தாரக்குப்பம் பக்கம் லாரிப் புழுதியில் கண்ணைக் கசக்கியவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்தானே?

வெயில் நாட்டுக்காரரா?

ஐரோப்பாவில் பேர்போன விண்டர் டயர்களில் ஒன்று விரெடஸ்டைன் விண்ட்ராக். நெதர்லாந்து சரக்கு. முதலாளி யார்? நம்ம அப்போலோ டயர்ஸ்! 2009-ல் வாங்கிவிட்டார்கள். அதே அப்போலோவுக்குச் சென்னை பக்கம் ஒரகடத்திலும் ஆலை உண்டு!

பலூனில் தொடங்கிய டயர்!

எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் முதலில் செய்தது என்ன? குழந்தைகள் ஊதும் பலூன்! டயரில் இறங்கியது 1961-ல். அதே 1961-ல்தான் நெய்வேலிச் சுரங்கத்தில் நாலு வருஷம் மண்ணைத் தோண்டிய பிறகு கரிப்படுகை வெளியே தெரிந்தது!

பூதத்துக்கு டயரே இல்லை!

நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வாரும் ராட்சச இயந்திரத்தில் ஒரு வாளிக்கு 1,400 லிட்டர் பிடிக்கும்! வீட்டு மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணித் தொட்டியைவிடப் பெரிசு! அத்தனை பெரிய பூதத்துக்கு எத்தனை டயர்? ஒன்றுகூட இல்லை! டாங்கி மாதிரி இரும்புப் பட்டையில் ஊர்கிறது. ரப்பர் எங்கே என்றால், மண்ணையும் கரியையும் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டில்!

உங்கள் டயரைத் தடவிப் பாருங்கள்!

சரி, நெய்வேலி டயர் கனடாவின் ஜனவரியில் என்ன ஆகும்? கட்டையாக விறைத்து வழுக்கும்! அங்கே உயிரைக் காக்கும் மெத்து, இங்கே ஆபத்து. இங்கே தாக்குப்பிடிக்கும் இறுக்கம், அங்கே ஆபத்து. நல்ல டயர், கெட்ட டயர் என்று எதுவும் இல்லை, ஊருக்கு ஏற்ற டயர்தான்!

செகண்ட்ஹேண்ட் டயர் வாங்கப் போகிறீர்களா? பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். மூன்று சிகரமுள்ள ஒரு மலை, அதற்குள் ஆறு முனைப் பனிப்பூ பொறித்திருக்கிறதா? விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கும்பிடு போட்டுத் திரும்புங்கள். அது கேட்கும் பனி, நம் மார்கழிப் பனி இல்லை!