அச்சகத்திற்குப் பைல் அனுப்பும் முன்...

என் அக்காவின் திருமண அழைப்பிதழை வீட்டுக் கம்ப்யூட்டரில் நானே வடிவமைத்தேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. அந்த வேர்ட் பைலை அச்சகத்தில் திறந்தபோது, பெயர்கள் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்திருக்கின்றன. அவசரத்தில் அவர்களே மீண்டும் டைப் செய்ததில் தாத்தாவின் இனிஷியல் மாறிவிட்டது. 500 அழைப்பிதழ்களிலும் பேனாவால் திருத்தினோம்.

தவறு என்னுடையது. நான் பயன்படுத்திய பாமினி எழுத்துரு அவர்களிடம் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. எழுத்துரு இல்லாவிட்டால் அடியில் உள்ள ஆங்கிலம் வெளியே வந்துவிடும். யூனிகோட் என்றால் தமிழ் தமிழாகவே இருக்கும். ஆனால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து, வரிகள் இடம் மாறலாம்.

எனவே எழுத்துருவையும் பைலுக்குள் வைத்தே அனுப்ப வேண்டும். வேர்டில் சேவ் அஸ் கிளிக் செய்து, பி.டி.எப். வகையைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்திடுங்கள். அதை அடோப் ரீடரில் திறந்து கண்ட்ரோல் + டி அழுத்துங்கள். கிடைக்கும் விண்டோவில் பான்ட்ஸ் டேப்பில், ஒவ்வொரு எழுத்துருவின் அருகிலும் எம்பெடட் என்று இருக்க வேண்டும். கோரல் டிரா பயன்படுத்துவோர், எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + க்யூ அழுத்தினால் அவை கோட்டு வடிவங்களாக மாறிவிடும். எந்தக் கம்ப்யூட்டரிலும் கலையாது. ஆனால் அதன்பின் டைப் செய்து பிழை திருத்த முடியாது. மாற்றும் முன் நகல் ஒன்றைத் தனியே சேவ் செய்திடுங்கள். (நான் இதையும் மறந்து ஒருமுறை முழுவதும் மீண்டும் டைப் செய்தவன்.)

படங்களுக்கு அங்குலத்திற்கு 300 பிக்ஸல் என்பது பொதுவான கணக்கு. 4 அங்குல அகலத்தில் அச்சாகும் போட்டோவுக்கு 1200 பிக்ஸல் அகலம் தேவை. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பின்னணி நிறம் தாளின் ஓரம் வரை வருகிறதா? நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நீட்டிவிடுங்கள். இல்லையேல் வெட்டும்போது கத்தி சற்று விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். நிறமும் திரையில் உள்ளபடியே வராது. திரையில் இருப்பது ஒளி, தாளில் இருப்பது மை. பளிச்சென்ற கிளிப்பச்சை சற்று மங்கியே அச்சாகும்.

புரூப் தாளைக் கேட்டு வாங்கி, பெயர்களை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அந்த வேலை தாத்தாவுக்குத்தான்.